பித்தப்பை போன பின்னும் போகாத வலி



பித்தப்பையில் கல் கட்டி, வலது விலாவின் கீழிருந்து தோள்பட்டை வரை பாயும் வேதனையைப் பொறுக்கமாட்டாமல், கல்லோடு அந்தப் பையையும் சஸ்திர சிகிச்சையால் அகற்றிக்கொண்டவர்கள் நம்மிடையே அநேகர். அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிப் பழைய வியாதியையே மறந்துவிடுகிறார்கள். ஆயினும் ஒரு சாராருக்கு, தையல் ஆறித் தழும்பும் மங்கி மாதங்கள் பல சென்ற பின்னும், அதே இடத்தில் அதே வலி திரும்பத் திரும்ப வருகிறது. "பைதான் போய்விட்டதே, இனி வலிக்க அங்கே என்ன இருக்கிறது?" என்று வீட்டார் கேட்கும்போது நோயாளிக்குச் சொல்ல மறுமொழி இருப்பதில்லை. அந்த மறுமொழியைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரலேயன்றிப் பித்தப்பை அன்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும் அந்நீரில் ஒரு பகுதியை வாங்கிச் செறிவாக்கி, கொழுப்புள்ள ஆகாரம் வரும் வேளைக்கென்று சேமித்து வைப்பதே பையின் காரியம். தொட்டியை இடித்துவிட்டாலும் வாய்க்கால் இருக்கத்தானே செய்யும்? அவ்வாய்க்காலாகிய பித்தநாளத்தில் ஒரு கல் முன்னமே நழுவி வந்து தங்கியிருக்கலாம். பிற்பாடு புதிதாகவும் உண்டாகலாம். அபூர்வமாக, சிகிச்சையின்போது நாளமே காயமுற்று, நாளடைவில் சுருங்கிப்போகலாம்.

இந்தக் கடைசி விபத்துக்கு உலகறிந்த உதாரணம், பிரிட்டனின் ஆந்தனி ஈடன். அயல்நாட்டு மந்திரியாக இருந்த அவருக்கு 1953 ஏப்ரல் மாதம் லண்டனில் பித்தப்பை எடுக்கப்பட்டபோது நாளம் சேதமுற்றது. அம்மாதத்திலேயே மறுபடியும் வயிற்றைத் திறக்க நேர்ந்தது. ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரிச்சர்ட் காட்டல் என்னும் நிபுணர் அதைச் செப்பனிட்டார். ஈடன் 1955இல் பிரதமரானார். 1956 அக்டோபரில், சூயஸ் கால்வாய் விவகாரம் முற்றிக்கொண்டிருந்த நாட்களில், நாளத்தில் தொற்று மூண்டு அவருக்குக் காய்ச்சல் 106 டிகிரியைத் தொட்டது. மறு ஜனவரியில் பதவி துறந்தார். அவ்வாண்டிலேயே மீண்டும் பாஸ்டனில் சிகிச்சை. அவருடைய நோய் அவருடைய நிதானத்தைக் குலைத்ததா என்று சரித்திராசிரியர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். அந்த வழக்கில் நான் புகப்போவதில்லை.

எல்லாருக்கும் ஈடனுக்கு நேர்ந்தது நேர்வதில்லை. பலருடைய விஷயத்தில் உண்மை வேறு: அவர்களுடைய வலிக்குக் கல் ஒருபோதும் காரணமாக இருந்ததே இல்லை. யாதொரு உபத்திரவமும் தராமல் ஆயுள் முழுதும் கல் பையில் கிடப்பதுண்டு. வலிக்கு மூலம் இரைப்பைப் புண்ணாகவோ, நெஞ்செரிச்சலாகவோ, குடலின் கோளாறாகவோ இருக்க, படத்தில் தெரிந்த கல்லின் மேல் பழி விழுந்துவிடுகிறது. பித்தக்கல்லும் வயிற்றுவலியும் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து, நெதர்லாந்து வைத்தியர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு இது: பெரும்பாலோர் பையை எடுத்துக்கொண்டும், ஓராண்டு கழித்துப் பத்தில் ஏறக்குறைய நால்வருக்கு வலி முற்றும் நீங்கவில்லை.

பித்தநாளம் குடலில் திறக்குமிடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. ருஜ்ஜெரோ ஓடி என்ற இத்தாலியர், தாம் மாணவராக இருந்தபோதே, 1887இல் அதை விவரித்தார். பை போனவரின் வலிக்கு அவ்வளையத்தின் இறுக்கமே காரணம் என்று கருதி அதை வெட்டிவிடுவது வெகுகாலம் வழக்கமாயிருந்தது. அமெரிக்காவில், வேறு குறை எதுவும் புலப்படாத நோயாளிகளிடையே இதைப் பரீட்சித்து 2014இல் வெளியிட்டபோது, மெய்யாக வெட்டப்பட்டவர்கள், வெட்டியதாகப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களைவிட எவ்விதத்திலும் அதிக சுகம் பெறவில்லை என்று தெரிந்தது. வலி இருக்கிறது என்பதற்காக மறுபடியும் கத்தியை நாடுவது விவேகமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

இதற்கு மாறாக, காசு செலவில்லாத ஒரு பரீட்சையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிலடெல்பியாவில் இருந்த கார்னெட் என்னும் சஸ்திர வைத்தியர் 1926இல் சொன்னது அது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலிக்கும் இடத்தில் விரலால் அழுத்தியபடியே, தலையையும் தோளையும் தூக்கச் சொல்ல வேண்டும். தசை இறுகும்போது வலி மிகுமானால், அது பெரும்பாலும் உள்ளுறுப்பின் வலியன்று. வயிற்றுச் சுவரில், தழும்பினருகே அகப்பட்டு நசுங்கும் நரம்பின் வலியாக இருக்கக்கூடும். அவ்விடத்தில் மரத்துப்போக ஓர் ஊசி போட்டாலே சிலருக்கு நிவாரணம் கிடைக்கிறது.

ஆகவே, வலியுள்ள நேயர்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்த சிகிச்சைக் குறிப்பையும் பழைய ஸ்கேன் படங்களையும் பத்திரப்படுத்தி, வைத்தியரிடம் காட்டி, "இந்த வலிக்குக் காரணம் என்ன?" என்று கூசாமல் கேட்க வேண்டுகிறேன். கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்து இறங்கினாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டாலும், கஷாயத்தை நம்பிக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.