கருவியை எங்கே வைப்பது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா, பசங்களுக்குப் புரியற மாதிரி பேசு" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னார். சுற்றுச்சூழலை அளக்கும் தானியங்கிக் கருவிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும்தான் என் வேலை. மண்ணின் ஈரம், நிலத்தடி நீர் மட்டம், கழிவுநீரின் தன்மை, காற்றில் கலந்த வாயு ஆகியவற்றை, ஆள் பக்கத்தில் நிற்காமலே அளந்து, ஒரு சிம் கார்டு வழியாக எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பும் கருவிகள். மண்ணைப் பற்றி இன்று அதிகம் பேசப் போவதில்லை. பாகூர் பக்கத்து விவசாயி வரப்பில் நின்று ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்துச் சொல்வதற்கும், என் சென்சார் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. நீரும் வாயுவும் அப்படியில்லை. பூமிக்குள்ளே இருப்பதால் அவை கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

முதலில் நீர். நமக்கு அணை கிடையாது, வற்றாத ஆறும் கிடையாது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் மழைக்கு ஓடி மழையோடு நிற்பவை. குடிப்பது, குளிப்பது, கரும்புக்குப் பாய்ச்சுவது எல்லாமே பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தை எல்லோரும் போட்டோ எடுத்திருப்பீர்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவுச் சின்னம் அது. கடலோரத்தில் தோண்டினால் சரிவராது என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

கடல் நீர் நல்ல நீரைவிடக் கனமானது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், அது கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரைத் தள்ளி நிறுத்தும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. நம் ஊர் அடுக்கடுக்கான மணற்பாறை. ஆகவே கணக்கு இவ்வளவு நேராக வராது. ஆனாலும் திசை இதுதான். மேலே நாம் உறிஞ்சுகிற ஒவ்வொரு அடியும் கீழே பல மடங்காகத் திரும்பி வரும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கரித்து, கேன் தண்ணீருக்கு மாறிய கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்க வீட்டு அம்மாமார்களே சொல்வார்கள்.

முன்பெல்லாம் மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு 4 முறை நாடாவை இறக்கி அளக்கும். 2016இல் தேசிய நீரியல் திட்டம் வந்த பிறகு நாடு முழுக்கத் தானியங்கி அளவிகள் பெருகின. குழாய்க்குள் தொங்கும் ஒரு சிறு அழுத்த உணர்வி, நாளைக்கே 4 முறை அளந்து அனுப்பிவிடும். அந்த வரைகோட்டைப் பார்ப்பது தனி சுகம். மோட்டார் ஓடும் நேரம் கோடு இறங்கும், நிறுத்தினால் ஏறும். ரம்பத்தின் பல்லைப் போல இருக்கும். ஊர் மூச்சு விடுவதைப் பார்ப்பது மாதிரி என்று எனக்குத் தோன்றும்.

இதில் ஒரு சங்கதி. அழுத்த உணர்வி தண்ணீரின் உயரத்தை மட்டும்தான் சொல்லும். "மட்டம் ஏறுது, சந்தோஷம்" என்று நினைத்தால், ஏறியது உப்பு நீராகவும் இருக்கலாம். அதற்கு மின்கடத்துத் திறனை அளக்கும் இன்னொரு உணர்வி வேண்டும். அதன் மேல் பாசியும் சுண்ணாம்பும் படியும். யாராவது எடுத்துத் துடைக்க வேண்டும். தானியங்கி என்று பெயர் வைத்துவிட்டோம் என்பதற்காக அது தானாகவே குளித்துக்கொள்ளாது.

இந்த உப்பை நான் ஏன் இழுத்தேன் என்றால், அது வாயுவோடு சம்பந்தப்பட்டது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. கரிக்கும் போர் தண்ணீரை நாம் பயன்படுத்திவிட்டு விடும்போது அந்தச் சல்பேட்டில் ஒரு பங்கு சாக்கடைக்கும் போகிறது. பாதாளச் சாக்கடைக் குழாயின் உட்சுவரில் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். காற்றில்லாத அந்த இடத்தில் வாழும் பாக்டீரியா, சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை விடுகிறது. நம்ம ஊர் வெயிலில் கழிவுநீர் சூடாக இருப்பதால் இது இன்னும் வேகமாக நடக்கும். நீர் தேங்கி நிற்கும்போது வாயு நீருக்குள்ளேயே கரைந்து கிடக்கும். பம்ப் ஓடி நீர் கலங்கினால், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

2024 ஜூன் 11 காலையில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக விஷவாயு வீடுகளுக்குள் வந்தது. ஒரு வீட்டில் தாயும், அவரைத் தூக்கப் போன மகளும் இறந்தார்கள். வேறொரு வீட்டில் 15 வயதுப் பள்ளி மாணவி இறந்தாள். சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர்கள் இறந்த செய்தி இந்த நாட்டில் புதிதில்லை. அதைத் தடுக்க 2013இல் சட்டமே வந்தது. இவர்கள் எங்கேயும் இறங்கவில்லை. சொந்த வீட்டுக் கழிவறைக்குப் போனார்கள், அவ்வளவுதான். சல்பேட்தான் அங்கே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாயு எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறேன்.

அழுகிய முட்டை நாற்றம் என்று பிளஸ் டூ வேதியியலில் படித்தோம். 1 பிபிஎம்மில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். தொழிற்சாலைச் சட்டம் 8 மணி நேர வேலைக்கு வகுத்த எல்லை 10 பிபிஎம். சுமார் 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இனி பரவாயில்லை" என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். 500, 700 என்று போனால் ஆள் நின்ற இடத்தில் சரிவார். தூக்கப் போகிறவரும் சரிவார்.

நம் பெரியவர்கள் பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடிக்க நல்ல முறை, எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் 700 பிபிஎம் என்பது காற்றில் 0.07 சதவீதம். அந்த விளக்கு ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் எரியும். ஆகவே மூக்கும் உதவாது, விளக்கும் உதவாது. கருவி ஒன்றுதான் வழி.

அப்படியானால் கருவி எங்கே இருந்தது? நம்ம ஊரில் காற்றுத் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் தானியங்கி நிலையம் இருக்கிறது. நுண்தூசி, கந்தக டை ஆக்சைடு, ஓசோன் எல்லாம் அளக்கிறது. 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நிர்ணயத்தில் 12 மாசுகள் உள்ளன. ஹைட்ரஜன் சல்பைடு அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் பயன் இராது, ஏனென்றால் திறந்தவெளியில் நிற்கும் நிலையத்துக்குப் புதுநகரில் ஒரு வீட்டின் கழிவறைக்குள் நடப்பது எப்படித் தெரியும்? அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நாம் அளக்கும் இடமும், ஆள் மூச்சு விடும் இடமும் வேறு வேறாக இருக்கின்றன.

"அப்போ எல்லா மேன்ஹோலிலும் ஒரு சென்சார் போட்டுடலாமே சார்" என்று தம்பிகள் கேட்பீர்கள். போடலாம். இந்த வாயுவுக்குப் பயன்படுவது பெரும்பாலும் மின்வேதிக் கலம். ஒரு மெல்லிய சவ்வு வழியாக வாயு உள்ளே போய் மின்வாயில் வினைபுரியும். மைக்ரோ ஆம்பியர் அளவில் மின்னோட்டம் வரும். அதை பிபிஎம்மாக மாற்றிக் காட்டுவோம். சாக்கடைக்குள் எப்போதும் ஈரம். சவ்வின் மேல் நீர்ப்படலம் பிடித்தால் வாயு உள்ளே போகாது, கருவி பூஜ்ஜியம் காட்டும். செத்துப்போன சென்சாரும் பூஜ்ஜியம்தான் காட்டும், சுத்தமான காற்றிலும் பூஜ்ஜியம்தான். வித்தியாசம் தெரிய, அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து அதன் மூஞ்சியில் அடித்துப் பார்க்க வேண்டும். மாதம் தவறாமல் அந்தச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு நாம் சம்பளம் ஒதுக்குகிறோமா? டெண்டரில் கருவி வாங்கப் பணம் இருக்கும். இரண்டு, மூன்று வருடத்தில் கலம் தீர்ந்த பிறகு மாற்ற ஒரு வரி இருக்காது.

தொழிற்சாலைகளுக்கு இந்தக் கண்காணிப்பு முன்னரே வந்துவிட்டது. மிகவும் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தானியங்கிக் கருவி பொருத்தி, அளவுகளை நேரடியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் ஒரு ஆலையில் (பெயர் வேண்டாம்) கழிவுநீர் உணர்வி மூன்று வாரமாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். உணர்வியைக் கழற்றி ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். நிஜமான கழிவுநீரின் கோடு நடுங்கும், ஏறும், இறங்கும். நேர்க்கோடு வந்தால் சந்தேகப்படுங்கள். தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம், தேர்வில் வராது.

வாளி என்றதும் இன்னொரு வாளி ஞாபகம் வருகிறது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கடலூர் சிப்காட். அங்கே சுற்றுவட்டாரக் கிராம மக்களே சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று சேர்ந்து, நாற்றம் வரும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்து, அந்த நேரத்துக் காற்றை அதில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004இல் அதை அறிக்கையாகவும் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் அவர்களிடம் கிடையாது. ஆனால் எங்கே, எப்போது அளக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிராமத்து அக்காக்கள் செய்ததைப் பொறியாளர்களாகிய நாம் செய்ய முடியாதா?

இனி என் கோரிக்கை. நுழைவாயிலில் நினைவு வளைவு கட்டச் சங்கம் நிதி திரட்டுவது தெரியும். வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை, அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். சட்டைப்பையில் மாட்டும் ஹைட்ரஜன் சல்பைடு கருவி ஒன்று நடுத்தர செல்போன் விலைதான். பத்துக் கருவி, அளவு பார்க்கும் வாயுச் சிலிண்டர், அதை மாதாமாதம் நிரப்பவும் கலம் மாற்றவும் ஐந்து வருடச் செலவு. கடைசியில் சொன்னதுதான் முக்கியம், அதில் கை வைக்காதீர்கள். உரிய துறையின் அனுமதி வாங்கி, சம்மதம் தரும் வீடுகளில் மாணவர்கள் குளியலறை, கழிவறைக் காற்றை அளக்கலாம். மேன்ஹோல் மூடியைத் திறக்கும் வேலை நமக்குக் கிடையாது, யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

கருவி இல்லாமல் இன்றைக்கே பார்க்கக் கூடியதும் உண்டு. கழிவறைக்கும் தரைக் குழிக்கும் கீழே வளைந்த குழாயில் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை வாயுவுக்கும் நமக்கும் நடுவே அதுதான் கதவு. பூட்டிக் கிடக்கும் குளியலறையில் அது காய்ந்துவிடும். காற்றுப்போக்கிக் குழாய் வைக்காத வீட்டில் உறிஞ்சப்பட்டுவிடும். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாக் குழியிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். வளைவே இல்லாமல் நேராக இணைத்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள்.

இந்த வேலையில் சேர விரும்பும் மாணவர்கள் தேநீர் இடைவேளையில் நூலக வாசலுக்கு வாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெயரோடு, உங்கள் தெரு எந்தப் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகிறது என்றும் எழுதுங்கள். தெரியாதவர்கள் விசாரித்துக்கொண்டு அடுத்த வாரம் வந்து எழுதுங்கள்.