மடை திறந்தவர் யோகி பி

(பொங்கல் விழா ஆலோசனைக் கூட்டத்தில் நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மைக்கில் நான் பராமரிப்புக் கட்டணக் கணக்கு வாசிப்பேன். இன்று ஒரு ராப் பாடகரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரம்மாவே சிரித்துவிட்டார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன பொங்கலுக்கு நிகழ்ச்சிப் பட்டியல் போட்டது நான்தான். நம் குடியிருப்பில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் 'தமிழ் ராப், 4 நிமிடம்' என்று எழுதிக் கொடுத்திருந்தான். நான் அடித்துவிட்டேன். "இது பாட்டு இல்லப்பா, கத்தல்" என்றேன். அவன் சண்டை போடவில்லை. "அங்கிள், யோகி பி கேட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். போய்விட்டான். விழாவுக்கு அவன் வரவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். வவுச்சரைப் பார்க்காமல் பாஸ் செய்வதும் தப்பு, பார்க்காமல் திருப்பி அனுப்புவதும் தப்பு. அந்தத் தப்பைத்தான் செய்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது. அதனால் கேட்க ஆரம்பித்தேன்.

யோகி பி மலேசியத் தமிழர். முழுப் பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம். முதலில் 'போயடிக் அம்மோ' என்ற குழுவில் இருந்தார். அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு. மலேசியாவில் நல்ல பெயர் கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கணக்குப் பார்க்கிற ஆள் அங்கேயே நின்றிருப்பார்.

அவர் தமிழுக்கு வந்தார். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் 2006-இல் 'வல்லவன்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை. ஆனாலும் அதிலிருந்த 'மடை திறந்து' கடல் தாண்டி நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. தமிழ் ஹிப் ஹாப்பின் முன்னோடி என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நம் வயதுக்காரர்களுக்கு 1980-இல் வந்த 'நிழல்கள்' படம் ஞாபகம் வரும். இளையராஜா இசை, வாலி எழுதியது, எஸ்.பி.பி. பாடியது. இசையில் சாதிக்கத் துடிக்கும் ஓர் இளைஞனின் கனவுப் பாட்டு. யோகி பி அந்தப் பழைய மெட்டைத் தளமாக வைத்து, அதன்மேல் தங்கள் சொந்த வரிகளைக் கட்டினார். 'ராஜா பாட்டைக் கெடுத்துட்டாங்க' என்று சொல்ல நானும் தயாராகத்தான் இருந்தேன். மூன்றாவது தடவை கேட்கும்போது வேறு மாதிரி தோன்றியது. அப்பா கட்டிய வீட்டின்மேல் மகன் மாடி எடுப்பது போலத்தான் அது.

ஹிப் ஹாப் பிறந்ததே அப்படித்தான். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், நம்முடையது போன்ற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு விருந்து. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் கூல் ஹெர்க் அங்கே இசைத்தட்டு போட்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் வரும் இடத்தை நீட்டிக்கொண்டே போவது அவர் கண்டுபிடித்த முறை. அந்தத் தாளத்தின்மேல் பேசியதுதான் ராப் ஆக வளர்ந்தது. வாத்தியம் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய இசைத்தட்டையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள்.

சரி, இது தமிழுக்கு ஒத்துவருமா? நம் செய்யுளில் எதுகையும் மோனையும் உண்டு. அடியின் கடைசியில் ஓசை ஒத்துவந்தால் அதற்கு இயைபு என்று பெயர். ராப் பெரும்பாலும் இயைபில் ஓடுகிறது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், வந்தேன், நின்றேன், வென்றேன் என்று அது தானாகவே விழும். திருப்புகழின் சந்தத்தை மூச்சுவிடாமல் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த வேகம் புதிதல்ல. ஆவடி, அம்பத்தூர் மின்சார ரயிலில் கல்லூரிப் பையன்கள் பெட்டியைத் தட்டிக்கொண்டு கானா பாடுவதை எத்தனை வருஷம் கேட்டிருக்கிறோம்! 1994-இல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்தபோது நாமும் தலையாட்டியவர்கள்தானே?

ஆக, தமிழில் ராப் என்பது யோகி பிக்கு முன்பே சினிமாவில் எட்டிப் பார்த்ததுதான். அவர் செய்தது வேறு. சினிமாப் பாட்டுக்கு நடுவில் நான்கு வரி என்றிருந்ததை, தனியாக நிற்கிற கலையாக, சொந்தப் பெயரில், முழு ஆல்பமாகக் கொடுத்தார். அதன் பிறகு சினிமாவே அவரைத் தேடி வந்தது. 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'விவேகம்', 'காலா' என்று வரிசையாகப் பாடினார். பின்னால் கோயம்புத்தூரிலிருந்து ஹிப்ஹாப் தமிழா ஆதி வந்தார். நம் ரயில் பாதையின் கடைசியில் இருக்கும் அரக்கோணத்திலிருந்து அறிவு வந்தார். ஒருவர் மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் எத்தனை வயலுக்குப் பாய்கிறது பாருங்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடிப் பெயர் வாங்கிவிட்ட ஒருவர், தமிழில் செய்து பார்க்க வேண்டும் என்று திரும்பி வந்தார். நம் பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை, படிப்பதில்லை என்று இந்தக் கூடத்தில் நாம் மாதாமாதம் குறைப்படுகிறோம். தமிழில் நான்கு நிமிடம் சொந்தமாக எழுதிக்கொண்டு வந்த ஒரு பையனை நானே வாசலில் நிறுத்திவிட்டேன்.

அதனால் குழுவுக்கு என் வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்கு அந்த நிகழ்ச்சியைச் சேருங்கள். கூட்டம் கலைந்த பிறகு கடைசியில் வேண்டாம். கோலாட்டம் முடிந்ததும், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வையுங்கள். சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு, இரவு 10 மணிக்கு முன் ஸ்பீக்கரை அணைப்பது என் பொறுப்பு.

தம்பி, பின்வரிசையில்தான் இருக்கிறாய் என்று தெரியும். யோகி பி கேட்டுவிட்டேன். சில இடத்தில் வேகம் அதிகம், இரண்டு தடவை கேட்டால்தான் புரிகிறது. நீ பாடும்போது எனக்காகக் கொஞ்சம் நிறுத்திப் பாடு. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.