வட்டப் பின்னல் யந்திரத்தில் சித்திரத் துணி செய்யும் முறை



நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லும் கரும்பும் முந்திரியும் விளைந்த நிலங்களில் ஒரு பகுதி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. 1956-ஆம் ஆண்டில் நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. 1962-இல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அங்கு வேலை கிடைத்த குடும்பங்கள் உண்டு. கிடைக்காத குடும்பங்களும் உண்டு. நிலம் சுருங்கிய வீட்டுக்கு உபதொழில் ஒன்று இன்றியமையாதது. அதற்கென ஆராயத்தக்க தொழில்களுள் வட்டப் பின்னலும் ஒன்று. ஆனால் யந்திரம் வாங்கச் சங்கத்தில் கடன் கேட்குமுன், அதில் எவ்விதச் சித்திரங்கள் எழும், எவை எழா என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் வேண்டும்.

இதற்குத் திருப்பூரே தக்க சான்று. 1920-களில் அவ்வூரில் பனியன் பின்னும் தொழில் தொடங்கிற்று. நெடுங்காலம் அங்கு வெள்ளைப் பனியனே பெருஞ்சரக்காக இருந்தது. 1970-களின் இறுதிக்குப் பின் அயல்நாட்டு ஏற்றுமதி பெருகவே, வண்ணக் கோடுகளும் புடைப்புப் பின்னலும் கொண்ட துணிகள் அங்கே மிகுதியாக உற்பத்தியாயின. வெள்ளைத் துணியை எவரும் பின்னலாம். ஆகையால் அதற்கு விலை சொல்பவர் வியாபாரியே. சித்திரத் துணிக்கு விலை பேசும் ஆற்றல் பின்னுவோருக்கும் ஓரளவு உண்டாகிறது.

யந்திரத்தின் அமைப்பு எளிது. உருளை ஒன்றின் சுற்றிலும் செங்குத்தான காடிகள் உள்ளன. ஒவ்வொரு காடியிலும் ஓர் ஊசி. ஊசியின் தலையில் கொக்கியும், அதை மூடித் திறக்கும் சிறு நாக்கும் உண்டு. சுற்றி வரும்போது ஊசிகள் முறையே ஏறி இறங்கி நூலைக் கண்ணிகளாக்க, துணி குழாய் வடிவில் கீழே இறங்குகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் அமைத்த முதற் பின்னல் யந்திரம் தட்டைத் துணியையே தந்தது. வட்டப் பின்னலுக்கு மார்க் புரூனெல் என்னும் பொறியியலார் 1816-இல் உரிமைப் பத்திரம் பெற்றார்.

சித்திரங்கள் பலவாயினும் ஊசி செய்யும் செயல்கள் மூன்றே. முதலாவது பின்னுதல்: ஊசி முழுதும் எழுந்து, புதுநூலைப் பற்றிப் பழைய கண்ணியைக் கழற்றிவிடுகிறது. இரண்டாவது ‘டக்’ எனப்படும்: ஊசி பாதியே எழுந்து நூலைப் பற்றுகிறது, பழைய கண்ணியை விடுவதில்லை. இரண்டும் அடுத்த சுற்றில் ஒருங்கே பின்னப்படுவதால் அவ்விடம் புடைத்துத் தடிக்கும். துணியின் அகலமும் கூடும். தேன்கூடு போலத் தோன்றும் ‘பிக்கே’ துணி இவ்வாறு பிறந்ததே. மூன்றாவது ‘மிஸ்’: ஊசி எழுவதில்லை, நூல் அதன் பின்புறமாகத் தாண்டிச் செல்கிறது. இரு வண்ணப் பூ வேலைக்கு இது பயன்படும். ஆனால் நூல் பல ஊசிகளைத் தாண்டினால் உட்புறத்தில் தொங்கி விரலில் சிக்கும். குழந்தைகள் உடைக்கு அது ஆகாது.

பெரிய ஆலைகளில் இத்தேர்வை யந்திரமே செய்கிறது. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ஐ ஒட்டித் தறிக்கு அமைத்த துளை அட்டை முறையே, இன்று கணினி வழியே ஒவ்வோர் ஊசியையும் ஏவும் முறையாக வளர்ந்திருக்கிறது. கையால் சுற்றும் சிறு யந்திரத்தில் ஊசிகளைக் கையாலேயே உயர்த்த வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். வேலை மெதுவாகும், ஆயினும் மின்சாரம் வேண்டுவதில்லை, வீட்டுத் திண்ணையே போதும்.

இத்தொழிலில் நஷ்டம் பெரும்பாலும் கணக்குப் பிழையால் நேர்கிறது. சித்திரத்தின் அகலம், ஊசிகளின் மொத்தத் தொகையை மீதியின்றி வகுக்க வேண்டும். 72 ஊசியுள்ள யந்திரத்தில் 2, 3, 4, 6, 8, 9, 12 ஊசிச் சித்திரங்கள் சுற்றி வந்து சரியாகப் பொருந்தும். 5 ஊசிச் சித்திரம் பதினான்கு முறை வந்து, 2 ஊசி எஞ்சி நிற்கும். பூ அவ்விடத்தில் அறுபட்டுத் தோன்றும். அதே பூவுக்கு 60 ஊசி யந்திரம் பொருத்தமானது. 72-இல் நான்காவது ஊசி ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டால் 54 ஊசிகள் நின்று, 18 பட்டைகள் எழும். காலுறைக்கு இதுவே அழகு.

வண்ணக் கோடுகளில் வேறொரு நுட்பம் உண்டு. வட்டப் பின்னல் ஏணிப்படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதன்று. திருகுபோல் ஏறிச் செல்வது. ஆகையால் வண்ணம் மாறுமிடத்தில் ஒரு வரி உயரம் பிசகும். இதை முற்றும் தவிர்க்க இயலாது, மறைக்க இயலும். காலுறையில் அவ்விடம் பின்புறம் வருமாறும், வெட்டும் துணியில் கத்தரிக்கோல் போகும் கோட்டில் விழுமாறும் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

சித்திரத்தை முதலில் கட்டத் தாளில் எழுதுக. ஒரு கட்டம் ஒரு கண்ணி. கண்ணி உயரம் குறைந்து அகலம் மிகுந்தது. தாளில் வட்டமாக எழுதிய பூ துணியில் சப்பையாகும். அதனால் சற்று நெடிதாகவே எழுத வேண்டும். பின்பு ஒரு சாண் மாதிரி பின்னித் துவைத்து, சுருக்கத்தை அளந்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்துச் சாயம் போகிறதா என்றும் பார்த்தல் நலம். மாதிரி பிழைத்தால் நூலைப் பிரித்து மீண்டும் சுற்றிக்கொள்ளலாம். நெய்த துணிக்கு இவ்வசதி இல்லை.

ஆகவே சங்கம் பின்பற்றத்தக்க வரிசை இது: முதலில் விற்கும் பொருளைத் தீர்மானித்தல், அடுத்து அதற்குரிய சித்திரம், அதன்பின் அதற்கு ஒத்த ஊசித்தொகை, இறுதியில் யந்திரமும் கடனும். இவ்வரிசையைத் தலைகீழாக்கி யந்திரத்தை முதலில் வாங்கும் சங்கம், பிறகு யந்திரத்துக்கேற்ற வாடிக்கைக்காரரைத் தேடி அலைய நேரிடும். தேறிய சித்திரங்களையும், அவற்றின் ஊசிக் கணக்கையும், நூலின் எண்ணையும் சங்கப் புத்தகத்தில் பதிந்து வைத்தால், ஒருவர் கற்றது எல்லா அங்கத்தினருக்கும் பொதுச் சொத்தாகும்.