சங்கமும் எழுத்தாளனும்

எழுத்தாளர் சங்கம் எழுதுகிறவனுக்கு நிழலாக நிற்கும் என்றே நான் எண்ணியிருந்தேன். பாஸ்டர்நாக்கின் வரலாற்றைப் படித்தபின் அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது, மாணவ நண்பர்களே!

அவருடைய 'டாக்டர் ஷிவாகோ' நாவல் 1957-இல் இத்தாலியில் வெளிவந்தது. 1958 அக்டோபர் 23-இல் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. நான்கே நாட்களில் சோவியத் எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கிவிட்டது. பரிசையும் அவர் மறுக்க நேர்ந்தது. பிறகும் மாஸ்கோ எழுத்தாளர்கள் கூடி, அவருடைய குடியுரிமையைப் பறிக்க வேண்டினர். கை தூக்கியவர்களுள் எத்தனை பேர் அந்நூலைப் படித்திருக்கக்கூடும்? அந்நாட்டில் அச்சேறாத நூலாயிற்றே! அங்கோ, சங்கத்தினின்று நீக்கப்பட்டவன் எழுதிப் பிழைப்பது அரிதாயிருந்தது.

1960-இல் அவர் மறைந்தார். 1987-இல்தான் சங்கம் அந்நீக்கத்தை ரத்துச் செய்தது. 1956-இல் நாவலைத் திருப்பியனுப்பிய 'நோவி மிர்' இதழே, 1988-இல் அதனை வெளியிட்டது.