கூத்து வாளும் பயிற்சி வாளும்

யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்கரையில், கடனீரேரியை நோக்கி அமைந்த ஊர் குருநகர். முன்னாளில் கரையூர் என வழங்கிய இவ்வூர், மீன்பிடித் தொழிலுக்கு மட்டுமன்றி, கத்தோலிக்க மக்கள் பேணி வளர்த்த நாட்டுக்கூத்துக்கும் பெயர் பெற்றது. கூத்தரங்கில் அரச வேடம் பூண்டவன் வாளை உயர்த்தும்போது பார்ப்போர் உள்ளம் சிலிர்க்கும். அந்த வாளுக்கு வேண்டியது ஒளி ஒன்றே. விளக்கின் முன் அது மின்னினால் போதும், வெட்ட வேண்டியதில்லை.

வாட்கலை பயிலும் இளைஞன் ஏந்தும் வாளின் நிலையோ வேறு. நூறு முறை, ஆயிரம் முறை வீசினாலும் அது கைப்பிடியிலிருந்து கழன்றோடலாகாது. சுவரில் மாட்டும் அலங்கார வாள்கள் பலவற்றில், கைப்பிடிக்குள் நுழையும் பகுதி அலகோடு ஒட்டவைத்த மெல்லிய கம்பியாகவே இருக்கும். வேகமாக வீசுங்கால் அக்கம்பி முறிந்தால், அலகு பறந்து சென்று அருகில் நிற்பவனைத் தாக்கும். மலிவு என வாங்கியது உயிருக்கு விலையாகும்.

அங்ஙனமாயின் நல்ல வாள் செல்வர்க்கு மட்டுமே உரியதா? வாட்கலையிற் புகழ்பெற்ற யப்பான் நாட்டை நோக்குவோம். அங்கு இரும்பு மணலைக் கரியோடு உருக்கி எஃகு எடுப்பர். அதனைப் பன்முறை மடித்து அடிப்பர். பின்பு களிமண் பூசி, காய்ச்சி, நீரில் தோய்ப்பர். மண் மெல்லிதாகப் பூசிய வாய்ப்புறம் விரைவிற் குளிர்ந்து கடினமாகும். தடிப்பாகப் பூசிய முதுகுப்புறம் மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வுடையதாகும். இவ்வாறு வாள் செய்ய உரிமம் பெறுவோர் ஐந்தாண்டுகளேனும் ஆசானிடம் பயில வேண்டும். திங்களுக்கு இரண்டு நெடுவாள்களுக்கு மேற் செய்தலும் ஆகாது. அத்தகைய வாள் எளியோர்க்கு எட்டுவதன்று.

ஆயினும் அந்நாட்டார் கலையைக் கைவிட்டாரல்லர். 1876ஆம் ஆண்டில் பொதுமக்கள் வாள் அணிதல் தடைசெய்யப்பட்ட பின்னரும் பயிற்சி நின்றுவிடவில்லை. முறைகளைக் கற்க ஓக் மரத்தாற் செய்த வாள்; ஒருவரோடொருவர் பொருத நான்கு மூங்கிற் சிம்புகளைத் தோலாற் பிணைத்த வாள்; உறையிலிருந்து உருவிப் பழக, கூர் ஏறாத துத்தநாக, அலுமினியக் கலப்பு வாள். வேலைக்கேற்ற கருவி என்பதே அவர்தம் சிக்கனம். கலப்பு உலோக வாளால் எதையேனும் ஓங்கி அடித்தல் தவறு. அஃது அதற்கென ஆக்கப்பட்டதன்று.

வெட்டிப் பழகுவோர்க்கு எஃகு வாளே வேண்டும். அதற்கு இக்காலத்தில் உதவுவது, லொறிகளின் பாரத்தைத் தாங்கும் வில்லுக்கு உரிய எஃகு. பாரம் ஏற வளைந்து, பாரம் இறங்க நிமிர்வது அதன் இயல்பு. அதிலுள்ள கரியின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு. இது யப்பானிய வாளின் வாய்ப்புறத்து அளவுக்கு அண்மையது. செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தல் வேண்டும். இப்பதத்தை விடுத்தால் அலகு கண்ணாடிபோல் உடையும். பலகாலம் உழைத்துத் தேய்ந்த வில்லில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு இருத்தல் கூடும். ஆதலின் புதிய எஃகே பாதுகாப்பானது.

சிக்கனமும் தரமும் பகையல்ல என்பதற்கு இலங்கையிலேயே பழஞ்சான்று உண்டு. சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு உலைகள் எரிந்தன. அவ்வகை உலையை மீண்டும் அமைத்துச் சோதித்த ஆய்வாளர் ஜில் ஜூலெஃப், அதில் உயர்ந்த எஃகு விளைதலை 1996இல் உலகிற்கு அறிவித்தார். காற்றைப் பாயில் ஏந்திப் பழகிய கடலோர மக்களுக்கு இச்செய்தி இனிதாகவே இருக்கும்.

எங்கே சிக்கனம் செய்யலாம்? உறையின் மெருகிலும், கைக்காப்பின் சித்திர வேலையிலும் செய்யலாம். கைப்பிடிக்குள் நுழையும் பகுதி அலகோடு ஒரே எஃகாய் அமைதலிலும், அதனைக் கைப்பிடியோடு பிணைக்கும் மூங்கில் ஆணியிலும், தோய்த்துப் பதப்படுத்தலிலும் செய்யலாகாது. அவ்வாணியைப் பயிற்சி தொடங்குமுன் நாடோறும் சோதித்தல் நன்று.

கைக்கும் காலுக்கும் ஒழுங்கு வருமுன் எஃகைத் தொடுதல் எவர்க்கும் வேண்டா. தமிழர்தம் சிலம்படியும் கோலிலிருந்தே தொடங்குகிறது. நேரிய கோல் ஒன்றைப் பிழையின்றிச் சுழற்றக் கற்றவனே வாளை ஏந்தத் தகுதியுடையவன்.