பயிற்சி முடியும்வரை வீடு எப்படி ஓடும்?

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று நம்மில் பலர் நம்புகிறோம். கற்று முடிக்கும்வரை அந்த வீடு எப்படி ஓடும் என்று அவ்வளவாக யோசிப்பதில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டுகள். அந்த நாட்களில் பையன் கட்டட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போயிருந்தால், வாரம் தவறாமல் வீட்டுக்குக் காசு வந்திருக்கும். கட்டணம் இல்லை என்பதால் படிப்புக்குச் செலவே இல்லை என்றாகிவிடாது. வராமல் போன கூலிதான் ஏழை வீட்டின் பெரிய செலவு. அதில் ஒரு பங்கையாவது ஈடுகட்டாத பயிற்சித் திட்டம் அரைகுறைத் திட்டம்தான்.

கைத்தொழில் படிப்பின் தன்மையே இதற்கு முதல் காரணம். ஃபிட்டர் மாணவர் தொடக்கத்தில் கற்பது, இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி அரத்தால் ராவுவது. ராவிய பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். தோளும் மணிக்கட்டும் பழகினால்தான் பக்கம் சமமாகும். விட்டுப்போன பாடத்தை நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்; விட்டுப்போன பழக்கத்தை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே, வீட்டு நெருக்கடியால் வாரத்தில் இரண்டு நாள் கூலிக்குப் போகும் மாணவர் சான்றிதழ் வாங்கினாலும், அவருக்குக் கைத்திறன் முழுமையாக வராது.

தமிழ்நாடு இந்த உண்மையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவி வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேரும் மாணவிகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்துவது என்று முடிவானது. மாணவர்களுக்கு 2024இல் அதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசு ஐ.டி.ஐ.களில் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. இவற்றைக் கூட்டினாலும் சில நாள் கூலிதான் தேறும் என்பதையும் மறக்கக் கூடாது.

பணம் கொடுத்தால் பணத்துக்காகத்தான் வருவார்கள் என்பது வழக்கமான மறுப்பு. இதற்கு விடையாக ஓர் அனுபவத்தைப் பார்க்கலாம். கொலம்பியாவில் 2001க்கும் 2005க்கும் இடையில், 18 முதல் 25 வயது வரையுள்ள ஏழை இளைஞர்களுக்காக ஒரு திட்டம் நடந்தது. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி. போக்குவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் தினப்படி கொடுத்தார்கள்; சிறு குழந்தை உள்ள தாய்மாருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்ற பெண்களின் வருமானம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. ஆண்களுக்கு அத்தனை பலன் தெரியவில்லை. இந்த உயர்வு தினப்படியால் மட்டுமே வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி, படி, நிறுவன அனுபவம் மூன்றும் சேர்ந்த திட்டம் வீண் செலவாகவில்லை. உதவித்தொகையை வருகைப் பதிவோடு இணைத்துவிட்டால், பணத்துக்காக வருபவரும் வந்து கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஏழைப் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக்குத் தள்ளிவிட்டு, பட்டப்படிப்பை வசதியுள்ளவர்களுக்கு ஒதுக்குகிறோமா என்பதே அது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோர் தொழில் என்று 1953இல் கொண்டுவரப்பட்ட கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, மறு ஆண்டே கைவிட வைத்த மண் இது. அந்த அச்சம் நியாயமானது. பயிற்சியை ஒதுக்குவது அதற்குத் தீர்வாகாது. மேற்படிப்புக்குப் போகும் வழியைத் திறந்து வைப்பதே தீர்வு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வழி இருக்கிறது. ஆனால் அதில் நடக்கக் கூடுதல் ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளிலும் வீடு ஓட வேண்டும். உதவித்தொகை இல்லையென்றால் இந்த வழி ஏட்டில்தான் இருக்கும்.

எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கோடு நாம் திருப்தி அடையக் கூடாது. எத்தனை பேர் இடையில் நின்றார்கள், ஏன் நின்றார்கள், முடித்தவர்கள் ஓராண்டு கழித்து என்ன வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். உதவித்தொகையை விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். அது மாதத் தொடக்கத்திலேயே கைக்கு வர வேண்டும். ஏனென்றால், தாமதமாக வரும் பணம் படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைக்கு உதவாது. பட்டறைக்கும் இயந்திரத்துக்கும் நிதி ஒதுக்கும் அதே உறுதியோடு, அதன் முன் நின்று கற்கும் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் ஒதுக்குவோம்.