துடிப்பின் கணக்கைத் தேடிய மாணவர்



மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். நிமிடத்திற்கு ஏறக்குறைய 70 துடிப்பு. ஒரு நாளைக்கு 1 லட்சம். தூங்கும்போது மெதுவாகிறது, படியேறினால் வேகமாகிறது. பிள்ளைக்கு எஸ்.பி.எம். தேர்வு முடிவு வரும் நாளில் உட்கார்ந்த இடத்திலேயே படபடக்கிறது. இதை நடத்துவது யார்?

இந்தக் கேள்விக்குப் பாதி விடையைக் கண்டவர் ஒரு மாணவர். 1906ஆம் ஆண்டு கோடைக்காலம். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்துக் கிராமத்தில் உடற்கூற்று அறிஞர் ஆர்தர் கீத்தின் வீடு. அவர் மனைவியோடு சைக்கிளில் வெளியே போயிருந்தார். வீட்டில் மருத்துவ மாணவர் மார்ட்டின் பிளாக் நுண்ணோக்கியும் கையுமாக இருந்தார். கீத் திரும்பியபோது, அகழெலியின் இதயத்தில் புதுமையான ஒரு திசுவைக் காட்டினார் மாணவர். இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் அந்தச் சிறு திசுதான் சைனஸ் கணு. துடிப்பு பிறக்கும் இடம் அதுவே. இருவரும் 1907இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

மீதிப் பாதி என்ன? துடிப்பைத் தொடங்குவது இதயம். அதைக் கூட்டிக் குறைப்பது நரம்பு. வேகஸ் நரம்பு பிரேக் மாதிரி. பரிவு நரம்பு ஆக்சிலரேட்டர் மாதிரி. மாற்று இதயம் பொருத்தப்பட்டவருக்கு இந்த நரம்புகள் அறுபட்டிருக்கும். அதனால் அவர் சும்மா இருக்கும்போதே இதயம் நிமிடத்திற்கு 90, 100 என்று துடிக்கும். ஆக, நம் நெஞ்சில் இரவும் பகலும் பிரேக் மெல்ல மிதிபட்டுக்கொண்டே இருக்கிறது!

இனி, நம்மவர் ஒருவர் கதைக்கு வருவோம். கல்யாணம் சிவகுமார் 1991இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். பட்டம் வந்துவிட்டது, கிளினிக் திறந்து சம்பாதிக்கலாம் அல்லவா? அவரோ அமெரிக்கா சென்று மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு. பிராணவாயு குறைந்தால் இதயத் தசையிலிருந்து பொட்டாசியம் ஏன் வெளியேறுகிறது? இதுதான் கேள்வி. சின்னக் கேள்விபோலத் தெரியும். ஆனால், மாரடைப்பின்போது துடிப்பு தாறுமாறாவதற்கு அந்தக் கசிவும் ஒரு காரணம். முயலின் இதயத்தை வைத்து நடந்த அந்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. 2000இல் முனைவர் பட்டம் கிடைத்தது. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் இதயத் துடிப்புக் கோளாறு மையத்தின் தலைவரானார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சிலருக்கு இதயம் புயல்போல் அடித்துக்கொள்ளும். உடலுக்குள் பொருத்திய கருவி மறுபடி மறுபடி மின்னதிர்ச்சி கொடுத்து உயிரைப் பிடித்து வைக்கும். மருந்துக்கும் அடங்காத நிலையில், முதுகெலும்பை ஒட்டிய பரிவு நரம்பு முடிச்சுகளில் ஒரு பகுதியை அகற்றினால், பலருக்குப் புயல் தணிகிறது. ஆக்சிலரேட்டரின் கம்பியை அறுப்பது மாதிரி! இந்தச் சிகிச்சையை ஆராய்ந்து பரப்பியதில் சிவகுமார் குழுவினருக்குப் பெரும் பங்கு உண்டு. எல்லாருக்கும் பொருந்தும் சிகிச்சை அல்ல; வழியில்லை என்று நின்றவர்களுக்கு ஒரு வழி.

ஜொகூர் பெற்றோர்களே! இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எண்ண வேண்டாம். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேசிய இருதயக் கழகத்தோடு இணைந்து இதயப் பொறியியலுக்கென்றே ஒரு மையம் அங்கே அமைந்தது. ஆய்வு நம் வாசற்படிக்கே வந்திருக்கிறது.

ஆனால், பட்டம் வாங்கிய பிள்ளை மேலே ஆய்வு செய்யட்டுமா என்று கேட்டால், வீட்டில் என்ன பதில்? “படித்தது போதும், வேலையைப் பார்!” குடும்பக் கஷ்டம் உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை. இருந்தாலும் உபகாரச் சம்பளம் உண்டா, பகுதி நேரமாகப் படிக்க வழி உண்டா என்று ஒரு முறை விசாரித்துவிட்டு மறுக்கலாமே! அகழெலியின் இதயத்தைப் பார்த்தவரும் மாணவர்தான். முயலின் இதயத்தை ஆராய்ந்தவரும் மாணவர்தான். அவர்கள் கேட்ட கேள்வியால் இன்று யாரோ ஒருவரின் தாய் மூச்சு விடுகிறார்.

பிள்ளையின் கேள்விக்குப் பிரேக் போடாதீர்கள்.